லீலாபாயும் மூன்றாம் தவணையும்

புளியடிவிளையிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்து அறுபத்திரண்டு பெண்களை அண்டி ஆபீசிலிருந்து கிளவுஸ் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் லீலாபாய் அக்கா. அந்த அறுபத்திரண்டு பேரில் நானும் ஒருத்தி. இன்று எங்களில் அவளோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற இடம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அக்கா பதிமூன்று வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள். கொட்டையின் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கறுத்து, ரேகையே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் ஏற்காது. கணவர் ராஜையன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இல்லை. ஒரே மகள் ஜெஸ்பினைக் குழித்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் தங்கை ஸ்டெல்லாபாய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் விட்டுப்போன பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கும் அண்டி ஆபீஸ்தான் வேலை. இரண்டு வீட்டுக்கும் அடுத்த வீடு எங்களுடையது.

அண்டி ஆபீசில் வருடம் முழுக்க வேலை கிடையாது. வெளிநாட்டிலிருந்து கொட்டை வந்தால் வேலை. வராவிட்டால், லோடு வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மாதமும் ஆகும், ஐந்து மாதமும் ஆகும். முப்பத்தைந்து வருடம் அக்கா இப்படிக் காத்திருந்தவள். அதனால் நிரந்தர வேலை என்ற வார்த்தையை அவள் சொல்லும்போது அதில் ஒரு மரியாதை இருக்கும். பெரிய இடத்துச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொல்வாள்.

கொரோனா முடிந்துகொண்டிருந்த நேரத்தில் ரோட்டோரம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிச் சமப்படுத்தித் தகரக் கூரை போட்டுக் கம்பெனி வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போடுகிற ரப்பர் கையுறை செய்கிற கம்பெனி. முதலாளி வெளியூர். மானேஜரும் வெளியூர். சூப்பர்வைசராக வந்த ஷாஜன் மட்டும் எங்கள் ஊர்க்காரன், கல்ஃபில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் வேண்டும் என்று அவன் முதலில் தேடி வந்தது லீலாபாய் அக்காவைத்தான். அண்டி ஆபீசில் அவள் சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்று அவன் சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்தக் கம்பெனி இங்கே முதல் போடுவதற்காக மாநில அரசு மானியம் கொடுக்கிறது. ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்காது. சொன்னபடி செய்திருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து மூன்று தவணையாகத்தான் கொடுக்கும். கட்டடமும் மெஷினும் வந்து நின்றால் முதல் தவணை. நூற்றைம்பது உள்ளூர்ப் பெண்கள் வேலையில் இருந்தால் இரண்டாம் தவணை. மூன்றாவதுதான் பெரியது. இருநூற்று நாற்பது பெண்கள், இரண்டு முழு வருடம், ஆள் குறையாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் தவணை வருகிற மாதமே எல்லாருக்கும் நிரந்தர வேலைக்குக் கடிதம் என்று மானேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆண்கள் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். அதனால் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். அண்டி ஆபீசைவிட்டு வர முதலில் யாருக்கும் மனசில்லை. கைவிட்டுப் போனால் திரும்பச் சேர்க்க மாட்டார்களே என்று பயந்தார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் பேசினாள். "ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிட்டு நிப்போம் மக்கா. பொறவு ஆருட்டயும் லோடு வந்தான்னு கேக்காண்டாம். நான் சொல்லுதேன்." நான் சொல்லுதேன் என்று அவள் சொன்னால் அது போதும் என்றிருந்தது அப்போது.

கம்பெனிக்குள் பீங்கானில் செய்த கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டே வரும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்புக்குள் போய், வெள்ளையாகத் தோல் போர்த்துக்கொண்டு வெளியே வரும். சூட்டோடு அந்தத் தோலை உருவி எடுக்க வேண்டும். எங்களுக்கு மேஜை வேலை. உருவிய கையுறையில் காற்றை நிரப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லாருக்கும் தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க். கண்ணை மட்டும் வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழவழத்துப்போன விரலிலிருந்து கையுறை நழுவி நழுவி விழும் அக்காவுக்கு. ஆனால் அவள் கண்ணுக்கு ஊசிமுனை ஓட்டையும் தப்பாது. எங்கள் மேஜையில் எதிர்ப்பக்கம் இருந்த பகவதியம்மாள் அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். முப்பத்தஞ்சு வருசம் அண்டி தல்லுன கை, இப்ப ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் கை செஞ்சு குடுக்குது என்பாள். அக்கா சிரித்துக்கொள்வாள்.

சாப்பிடுகிற இடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஷாஜன் அதில் எழுதுவான். முதல் வருடம் இருநூற்று நாற்பத்தைந்து, இருநூற்று ஐம்பது என்று நின்றது. சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் அக்கா அந்தப் பலகையைப் பார்ப்பாள். எண் குறைந்தால் யார் வரவில்லை என்று விசாரித்து, சாயங்காலம் அவள் வீட்டுக்கே போவாள். காய்ச்சல் என்றால் சுக்கு கொண்டு போய்க் கொடுத்து, நாளைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு வருவாள். கம்பெனி கேட்டு அவள் இதைச் செய்யவில்லை. அந்த இருநூற்று நாற்பது அவளுக்குச் சொந்தக் கணக்கு ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை வாசித்துக்கொண்டு வந்த போதகர் ஒன்றில் மட்டும் சற்று நின்றார். பிறகு, கம்பெனியின் மூன்றாம் தவணை மானியம் தடையில்லாமல் வந்து சேர ஜெபிக்கும்படி சகோதரி லீலாபாய் கேட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார். சில ஆண்கள் சிரித்தார்கள். எங்கள் வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடினோம். அடுத்த நாள் இதைக் கேட்ட பகவதியம்மாள், தானும் மண்டைக்காட்டு அம்மனுக்கு வெள்ளியில் கை செய்து போடுவதாக நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். இடது கையா வலது கையா என்று ஒருத்தி கேட்டதற்கு, தவணை முழுசா வந்தா ஒரு ஜோடி என்றாள்.

இரண்டாம் வருடம் எண் இறங்க ஆரம்பித்தது. வெளிநாட்டில் கையுறைக்கு விலை விழுந்துவிட்டது என்றார்கள். ஓவர்டைம் நின்றது. சில பெண்கள் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் கேரளாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். பலகையில் எண் இருநூற்று நாற்பதைத் தொடுவதே பாடாக இருந்தது. அப்போதுதான் ஷாஜன் பதில் ஆள் பேச்சை எடுத்தான்.

அண்டி ஆபீசில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஒருத்திக்கு வர முடியவில்லை என்றால் தங்கையையோ மகளையோ மைனியையோ தன் இடத்தில் உட்கார அனுப்பலாம். வேலை வராதவளின் பேரிலேயே ஏறும். இதில் ஒரே ஒரு சட்டம்தான். பதிலுக்கு வருகிறவள் உட்காருவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் போய், நான் இன்னாருக்குப் பதிலாக நிற்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் அது களவு. சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை.

இங்கேயும் அதே மாதிரி செய்துகொள்ளுங்கள் என்றான் ஷாஜன். கம்பெனி கொடுத்த பேர் எழுதின கார்டு கழுத்தில் கிடந்தால் போதும், மாஸ்க்குக்குள்ளே யார் முகம் இருக்கிறது என்று எவன் பார்க்கப் போகிறான் என்றான். எங்களுக்கு அது புதிதாகவும் படவில்லை, தப்பாகவும் படவில்லை. கம்பெனிக்கு வராமல் அண்டி ஆபீசிலேயே இருந்துவிட்ட ஸ்டெல்லா, அங்கே லோடு இல்லாத நாட்களில் மூன்று தடவை அக்காவுக்குப் பதிலாக வந்து நின்றாள். மூன்று தடவையும் ஷாஜனிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மேஜைக்கு வந்தாள். அவனும் தலையை ஆட்டினான்.

மூன்றாம் தவணைக்கான சோதனை ஜனவரி இருபதாம் தேதி திங்கட்கிழமை என்று சொன்னார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் நான் ஜன்னல் ஓரத்து மேஜையில் இருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் மதிலையொட்டி நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. காற்றில் அது ஒரு பக்கம் தூக்கியது. இரண்டாவது லைனின் மோட்டார்கள் கழற்றப்பட்டு மரப்பெட்டிகளில் இருந்தன. பெட்டிமேல் இங்கிலீஷில் பெயின்டால் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வேறொரு மாநிலத்தில் உள்ள ஊரின் பெயர். பழுது பார்க்க அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பழுதென்றால் பதினாறு மோட்டாரும் ஒன்றாகவா பழுதாகும் என்றும் நினைத்தேன். பக்கத்தில் அக்கா கையுறையை வெளிச்சத்தில் பிடித்தபடி, திங்கட்கிழமை எல்லாரும் துவைத்த குல்லாதான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேதி வந்தது. சோதனை திங்கட்கிழமை இல்லை, புதன்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது.

புதன்கிழமைதான் அக்கா மகளைக் கூட்டிவரப் போக வேண்டிய நாள். ஜெஸ்பினுக்கு ஏழாம் மாதம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் நேந்திரம்பழமுமாகப் பலகாரம் கொண்டு போய் வைத்து, தாய் நேரில் நின்று பிள்ளையைப் பேறுகாலத்துக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி வீட்டில் ஆட்களைச் சொல்லிச் சமையலுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. தாய் வராவிட்டால் மகள் அந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சுக் கேட்பாள். அக்கா ஷாஜனிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

புதன்கிழமை ஒரு தலைகூடக் குறையக் கூடாது என்றான் அவன். "நீங்க போய்ட்டு வாங்க அக்கா. ஸ்டெல்லாவ அனுப்பி விடுங்க. கார்டு கழுத்துல கெடக்கணும், அவ்வளவுதான்."

அக்கா யோசித்தாள். அன்றைக்குப் பார்த்து வேண்டாமே என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு சரி என்றாள். ஸ்டெல்லாவிடம் கார்டைக் கொடுக்கும்போது, வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், மரியாதையாக நட என்று மட்டும் சொன்னாள். வேறெதுவும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். பெரிய அதிகாரி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை கட்டியிருந்தார். அதட்டவில்லை, அவசரப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த முதல் லைனைப் பார்த்தார். இரண்டாவது லைன் பராமரிப்பில் இருக்கிறது என்று மானேஜர் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு பெயர்ப் பட்டியலில் பத்துப் பேரை அங்கங்கே குறித்து, அந்தந்தப் பெண்களிடம் போய்ப் பேச ஆரம்பித்தார். ஊர் எது, எத்தனை நாளாக வேலை, சம்பளம் வங்கியில் வருகிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா. ஆறாவது பெயர் லீலாபாயுடையது.

எங்கள் மேஜைக்கு வந்து, நீங்கள்தான் லீலாபாயா என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "இல்ல மேடம். லீலாபாய் எனக்க அக்கா. அக்கா மகளக் கூட்டியாறதுக்குக் குழித்துறைக்குப் போயிருக்கா. நான் அவளுக்குப் பதிலா நிக்கேன்."

மேஸ்திரி முன்னால் நின்று சொல்கிற அதே குரலில் தெளிவாகச் சொன்னாள். எதிரில் பகவதியம்மாளின் கையில் ஊதி நின்ற கையுறை மெல்லச் சுருங்கியது. அதிகாரி அம்மா, பதிலுக்கு நிற்பது என்றால் என்ன என்று கேட்டார். ஸ்டெல்லா விளக்கமாகச் சொன்னாள். ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி வருவாள், ஷாஜனிடம் சொல்லிவிட்டு வந்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்றாள். கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்கிறோம் என்ற திருப்தி அவள் முகத்தில் இருந்தது. நான் மேஜைக்குக் கீழே அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்டாள்.

அதன் பிறகு மேஜை மேஜையாக எல்லாக் கார்டையும் எடுத்தார்கள். இருநூற்று நாற்பது கார்டில் தன் கார்டோடு நின்ற பெண்கள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். பதிலுக்கு நின்றவர்கள் பத்தொன்பது பேர். மிச்சம் இருபத்தெட்டுக் கார்டுக்கு ஆளே இல்லை. எப்போதோ வேலையை விட்டுப் போன பெண்களின் கார்டுகள் ஷாஜன் அறையில் ஆணியில் தொங்கின. அந்த இருபத்தெட்டும் அதுவரை எங்களுக்குத் தெரியாது. போகும்போது அதிகாரி அம்மா எங்களைப் பார்த்து, உங்கள்மேல் தப்பில்லை, கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. எல்லாரும் ஸ்டெல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்து நாங்கள் ஊருக்குள் வந்தபோது அக்காவின் வீட்டு முன்னால் ஆட்டோ நின்றது. ஜெஸ்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்ட பழக்குலையைத் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். சோதனை நல்லபடி முடிந்ததா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பகவதியம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஒனக்க தங்கச்சி எங்க எல்லாருக்க சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டா. போ, போய் மகளுக்கு ஆரத்தி எடு."

அன்று சாயங்காலம் அக்கா ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனாள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம்தான். கூச்சல் போடவில்லை. தணிந்த குரலில்தான் பேசினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லையா உனக்கு என்றாள். பிறகு ஸ்டெல்லா பேசினாள்.

"நீதான அக்கா எனக்குப் படிச்சுத் தந்த? ஆருக்குப் பதிலா நிக்கியோ, அவங்க பேர மொதல்ல சொல்லணும், இல்லெங்கி அது களவுன்னு."

அக்கா வெளியே வந்துவிட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

சனிக்கிழமை மானேஜர் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். மூன்றாம் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது, அது இல்லாமல் கம்பெனியை நடத்த வழியில்லை, பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வேலை கிடையாது என்றார். உங்களில் ஒருவர் செய்ததால்தான் இந்த நிலைமை என்றும் சொன்னார். கார் தயாராக நின்றது. ஏறிப் போய்விட்டார். பெண்கள் ஷாஜனைச் சுற்றிக்கொண்டார்கள். அக்கா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். நீதானே தங்கச்சியை அனுப்பச் சொன்னாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். ஷாஜன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நான் ஆளு கொறையாண்டாம்னுதான் சொன்னேன் அக்கா. கள்ள ஆள நிறுத்தச் சொன்னனா? அதுக்குத் தெளிவு இருக்கா ஒங்ககிட்ட?"

தெளிவு என்று காட்ட எழுத்தில் என்ன அத்தாட்சி இருக்கும். அவன் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான். எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஷாஜனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வதற்குள் பகவதியம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள், பிறகு எல்லாரும் பேசினார்கள். ஷாஜனுக்கும் அன்றோடு வேலை போயிற்று. அதையும் அக்காமேல்தான் போட்டார்கள்.

பிப்ரவரியில் அக்கா பதினோரு பெண்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். மூன்றாம் தவணையை எங்களுக்காகவாவது கொடுத்துவிடுங்கள், நாங்கள் இருநூற்று நாற்பது பேரும் தினமும் வந்து நிற்கிறோம் என்று மனுவில் எழுதியிருந்தாள். மரியாதையாக வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மானியம் நிறுவனத்தின் செயல்பாட்டை வைத்துத் தீர்மானிக்கப்படுவது, வேலை குறித்து நிறுவனத்தையே அணுகவும் என்று இருந்தது. நிறுவனத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அண்டி ஆபீசுக்கும் போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வடநாட்டிலிருந்து வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி அவளை உள்ளே கூடக் கூப்பிடவில்லையாம்.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது அவள் உட்காரும் வரிசையில் இடம் விட்டு உட்கார ஆரம்பித்தார்கள். யாரும் திட்டவில்லை. எதிரே பார்த்தால் ஸ்தோத்திரம் கூடச் சொல்வார்கள். ஆனால் அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடக்கும். மூன்று வாரம் அப்படி இருந்தாள். நான்காவது வாரத்திலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மார்ச்சில் ஸ்டெல்லா கோட்டயத்துக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. போகிற அன்று காலையில் பையோடு அக்கா வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. என் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஏப்ரலில் ஜெஸ்பினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்திக்குச் சொல்ல வேண்டாமா அம்மா என்று ஜெஸ்பின் இரண்டு தடவை கேட்டாள். அக்கா குழந்தைத் துணியை அலசப் போய்விட்டாள் என்று ஜெஸ்பினே என்னிடம் சொல்லி அழுதாள்.

மே மாதம் இரண்டாவது வாரம் கம்பெனிக்கு லாரிகள் வந்தன. சேதி கேட்டு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். பீங்கான் கைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி ஏற்றினார்கள். அதற்குப் பின்னால் மதிலோரத்து மரப்பெட்டிகளைக் கொண்டு வந்தார்கள். பெயின்ட் எழுத்து மழையில் கொஞ்சம் மங்கியிருந்தது. பகவதியம்மாள் பெட்டிகளைப் பார்த்து, அந்த ரெண்டு பேரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் இங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் என்றாள். அக்கா சற்றுத் தள்ளி, ரோட்டின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "இது இப்பக் கெட்டுன பெட்டியில்ல. பொங்கலுக்கு முந்தின நாளே கெட்டி, ஊரு பேரும் எழுதியாச்சு. நான் ஜன்னல்ல பாத்தேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று பகவதியம்மாள் கேட்டாள். அது கோபமா, நம்பவில்லையா என்று தெரியவில்லை. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். லாரி கிளம்பியதும் பழையபடி அக்காவையும் ஸ்டெல்லாவையும் பேசிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். படியில் உட்கார்ந்தாள். நேற்று சொன்னது நிஜமா என்று கேட்டாள். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பதினாறு மோட்டார், தார்ப்பாய், பெட்டியில் எழுதியிருந்த ஊர். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அவ வாய் தொறக்காம நிண்ணிருந்தாலும் போயிருப்பாவளா?"

"போயிருப்பாவ அக்கா. மூணாம் தவணையும் வாங்கிட்டுப் போயிருப்பாவ. அதுதான் வித்தியாசம்."

அக்கா தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் குழந்தை அழுகிற சத்தமும் ஜெஸ்பின் தாலாட்டுகிற சத்தமும் கேட்டன. நிரந்தர வேலை என்று ஒன்று நமக்காக அங்கே இருக்கவே இல்லையா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அப்படியானால் இரண்டு வருடம் எதற்கு அந்தப் பலகையைப் பார்த்தோம் என்றாள். நான் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டுப் படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா மடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஸ்டெல்லாவின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். அவள் போனில் அந்த நம்பர் அழிக்கப்பட்டிருந்தது. என் போனில் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஸ்டெல்லா இல்லை, அந்த வீட்டுக்காரி. பெரியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், இப்போது பேச முடியாது, யார் கூப்பிடுகிறது என்று மலையாளத்தில் கேட்டாள். சத்தம் எனக்கும் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மறுபடியும் யார் என்று கேட்டார்கள்.

"அவளுக்க ஊர்லேருந்து ஒரு ஆளு," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.